காளியம்மாள் பெயரில் ஒரு ரிப்போர்ட்

நன்னிலம் பக்கத்தில் நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் காளியம்மாளிடம்தான் சொல்ல வேண்டும். அவள் கூட்டத்தில் எட்டுப் பெண்கள். நாள் முழுக்கக் குனிந்தே நிற்கும் வேலை, இடுப்பு விட்டுப்போகும். கரையேறியதும் எல்லோரும் நேராக ராஜசேகர் கிளினிக்கில் போய் வலி ஊசி போட்டுக்கொள்வார்கள். எட்டுப் பேருக்கும் டோக்கன் ஒன்றுதான், பெயர் காளியம்மாள். ஊசி யாருக்கு, ரத்தம் யாருடையது என்று அந்த மகராசன் ஒருநாளும் எழுதியதில்லை. இவர்களுக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

அந்த எட்டில் ஒருத்தி வேம்பு. போன தை மாதம் முகமும் காலும் வீங்கிச் செத்துப்போனாள். ரத்தசோகை என்று சொல்லிக் கடைசி வாரம் வரை அதே வலி ஊசியையும் போட்டான் ராஜசேகர். அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப்போனவள் காளியம்மாள்தான்.

இந்தச் சம்பா நடவில் காளியம்மாளுக்கே வாந்தி, பேதி. அப்போதும் இரண்டு ஊசி. மூன்றாம் நாள் சிறுநீர் நின்றுபோய், தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"தண்ணி வத்திப்போன உடம்புல வலி ஊசி போட்டா கிட்னி தாங்காதும்மா" என்றார் டாக்டர் சுடர்விழி.

வேம்பு எதனால் செத்தாள் என்பது அப்போதுதான் காளியம்மாளுக்கு உறைத்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. படுக்கையில் இருந்தபடியே ராஜசேகர் மேல் புகார் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கிளினிக்குக்குப் பூட்டு விழாமல் ஓய்வதில்லை என்று கறுவிக்கொண்டாள்.

"கிட்னி கெட்டிருக்கறதைக் காட்டுற கிரியேட்டினின் ஒண்ணுக்குள்ள இருக்கணும், இப்ப ஆறு. முன்னாடி எவ்வளவு இருந்துச்சுன்னு தெரிஞ்சாதான் இந்த ஊசி எவ்வளவு கெடுத்திருக்குன்னு சொல்ல முடியும். பழைய ரிப்போர்ட் இல்லன்னா வயசை வச்சு உத்தேசமாத்தான் போடணும்" என்றார் சுடர்விழி.

மறுநாள் ராஜசேகரே ஃபைலோடு வந்து நின்றான்.

"இந்தம்மாவுக்கு ஏற்கெனவே கிட்னி கெட்டிருக்கு டாக்டர். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே ஒண்ணு புள்ளி ஒன்பது. என் ஊசியால வந்ததில்ல. பாருங்க, பேரு போட்டிருக்கு."

சுடர்விழி தாளைப் புரட்டினார். அந்த எண் நின்றுவிட்டால் புகார் நிற்காது.

"அதுல ரத்தம் என்ன வகைன்னு போட்டிருக்கா டாக்டரம்மா?" என்று கேட்டாள் காளியம்மாள்.

"பி பாசிட்டிவ்." சுடர்விழி கட்டிலில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். "உங்களுக்கு ஓ."

"ரெண்டு வருஷம் முன்னாடி வரப்புல மயங்கி விழுந்தது வேம்பு. ரத்தம் எடுத்தது அவளுக்கு. டோக்கன்தான் என் பேருல."

ராஜசேகர் விடவில்லை. "அவளோடதுன்னு என்ன சாட்சி?"

"என்னோடதுன்னே வச்சுக்குங்க. கிட்னி கெட்டவன்னு தெரிஞ்சே ரெண்டு வருஷமா எனக்கு ஊசி போட்டிருக்கீங்க. அவளோடதுன்னா அவளைக் கொன்னிருக்கீங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

ராஜசேகருக்கு முகம் செத்துப்போனது. ஃபைலுக்குக் கை நீட்டினான். சுடர்விழி தரவில்லை.

"இது புகாரோட சேரட்டும்" என்றவர் காளியம்மாள் பக்கம் திரும்பினார். "வேம்பு வீட்டுக்காரர் நம்பர் இருக்கா?"

காளியம்மாளுக்கு அது மனப்பாடம். ராஜசேகர் நின்று கேட்கட்டும் என்று ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.