ரேஞ்சுக்குப் பால் காய்ச்சிய கதை

நான் மின்துறையில் வேலை பார்க்கிறேன். யார் யார் எப்போது விடுப்பு எடுத்தார்கள் என்று கோப்பில் ஏற்றுவதுதான் என் வேலை. கம்பத்தில் ஏறுவதல்ல. ஆனாலும் நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் எவர் வீட்டு மின்விசிறி நின்றாலும் ஆள் என்னைத் தேடித்தான் வரும். நானும் போய் ஸ்விட்சைப் போட்டு, அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, "வயரிங்ல ஏதோ இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டு வருவேன். வீட்டிலும் எனக்கு இதே மரியாதைதான். அதனால் என் மனைவி சமையலறைக்கு ஒரு ரேஞ்ச் வாங்குவது என்று தீர்மானித்தபோது, அதில் கரண்ட் சம்பந்தப்பட்ட பாதி என் பொறுப்பு என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள்.

ரேஞ்ச் என்பது மேலே கேஸ் அடுப்பும் கீழே ஓவனும் ஒரே உடம்பாக, பீரோ மாதிரி தரையில் நிற்கிற சாமான். அதுவரை எங்கள் வீட்டில் இருந்தது இரண்டு பர்னர் அடுப்பு. அதிலும் ஒரு பர்னர் மனம் வைத்தால்தான் எரியும். அங்கிருந்து நேராக இத்தாலிக்காரன் செய்த ரேஞ்சுக்குத் தாவுவதற்கு ஒரு காரணம் இருந்தது. காரணம் கேக்.

எங்கள் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு ரவை கேக் செய்வார்கள். திராட்சையும் முந்திரியும் மாதக்கணக்கில் ரம்மில் ஊறிக் கிடக்கும். மாவு கலக்குவது வீட்டில், வேகவைப்பது பேக்கரியில். டிசம்பர் கடைசியில் ஆளுக்கொரு தட்டில் மாவை ஊற்றி, பேர் எழுதிய சீட்டைச் சொருகிக்கொண்டு, பேக்கரி வாசலில் வரிசையாக நிற்போம். ஓவன் சூட்டில் சீட்டெல்லாம் கருகிவிடும். அதற்குப் பிறகு எந்தத் தட்டு யாருடையது என்பதை பேக்கரிக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்துத் தீர்மானிப்பார்.

ஒரு வருஷம் என் முகத்தைப் பார்த்து அவர் என்ன நினைத்தாரோ, ரம் இல்லாத, முந்திரியும் இல்லாத ஒரு சோகமான கேக்கைக் கொடுத்துவிட்டார். அந்த வருஷம் பார்த்து என் மனைவியின் அக்கா பிரான்சிலிருந்து வந்திருந்தார். ஒரு வாய் தின்றுவிட்டு, "இது யார் வூட்டு கேக்குடி?" என்று கேட்டார். அவர் கேட்டதென்னவோ சாதாரணமாகத்தான். என் மனைவிக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. அக்கா வீட்டில் பெரிய ஓவன் இருக்கிறது. வீடியோ காலில் அவருக்குப் பின்னால் கறுப்பாகப் பளபளக்கும். அக்காவோடு பேசும்போதெல்லாம் இவள் கண் அந்த ஓவன் மேலேயே இருக்கும்.

பல வருஷம் கழித்து, இந்தக் கிறிஸ்துமஸுக்கு அக்கா மறுபடியும் வருகிறார் என்று தெரிந்தது. "இந்த வாட்டி கேக்கு நம்ம வூட்லதான் வேவணும். அக்கா கண்ணு முன்னால நான் ஓவன தொறந்து எடுக்கணும்" என்றாள். "சின்னதா ஒரு மைக்ரோவேவ்..." என்று ஆரம்பித்தேன். அவள் நர்சரிப் பள்ளி டீச்சர். வகுப்பு முழுவதையும் ஒரே பார்வையில் உட்காரவைப்பவள். அந்தப் பார்வையை என் பக்கம் திருப்பினாள். நான் உட்கார்ந்தேன்.

எந்த மாதிரி ரேஞ்ச் என்பதை முடிவு செய்தவர் என் மாமனார். அவர் எங்களோடுதான் இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். தெருவில் எல்லாருக்கும் அவர் சொல்தா ஐயா, அதாவது சிப்பாய் ஐயா. எந்த விஷயத்திலும் கடைசியாகத்தான் பேசுவார், ஆனால் கட்டளையாகப் பேசுவார். நெருப்பே தெரியாத இண்டக்‌ஷன் அடுப்பின் படத்தைக் காட்டியபோது வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "நெருப்புன்னா கண்ணுக்குத் தெரியணும். எங்க இருக்குன்னு தெரியாத எதிரியோட எப்பிடி மாப்ள சண்ட போடறது?" என்றார். சரி, மேலே கேஸ். கீழே ஓவனும் கேஸாக இருந்தால் கேக் ஒரு பக்கம் வெந்து ஒரு பக்கம் வேகாது என்று மனைவி எங்கோ பார்த்திருந்தாள். ஆகவே கீழே கரண்ட். இப்படியாக மூன்று பேரும் மூன்று நாள் சண்டை போட்டுக் கண்டுபிடித்த அற்புதத்துக்கு, கடைக்காரர்கள் ஏற்கெனவே டூயல் ஃப்யூயல் என்று பேர் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

உழவர்கரைப் பக்கம் இருந்த அந்த ஷோரூமுக்கு ஆட்டோவில் போனோம். நாங்கள் மூவர் மட்டுமல்ல. இட்லிப் பானை, தோசைக்கல், மீன் குழம்பு வைக்கிற மண்சட்டி, பால் காய்ச்சுகிற சின்னக் கிண்ணி எல்லாம் மடியில் உட்கார்ந்து வந்தன. செருப்பு வாங்கப் போகிறவன் காலை வீட்டில் விட்டுவிட்டா போவான் என்பது என் மனைவியின் வாதம்.

டை கட்டிய விற்பனையாளர், "மேடம், இதோட ஃபினிஷ் பாத்தீங்கன்னா..." என்று தொடங்கினார். "கொஞ்சம் தள்ளுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அவள் இட்லிப் பானையை ஏற்றினாள். நான்கு பர்னர் ரேஞ்சில் இட்லிப் பானை ஏறினால் தோசைக்கல்லுக்கு இடமில்லை. இன்னொன்றில் கம்பிகளுக்கு நடுவே பால் கிண்ணி விழுந்துவிட்டது. மண்சட்டி எல்லாவற்றிலும் ஆடியது. ஒவ்வொரு ரேஞ்சாக நாங்கள் பாத்திரங்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த ஒரு தம்பதி எங்கள் இட்லிப் பானையைத் தூக்கிப் பார்த்து விலை கேட்டார்கள். என் மாமனார் கொடுக்கமாட்டோம் என்று கறாராகச் சொன்னார்.

கடைசியில் ஐந்து பர்னர் கொண்ட ஒன்று எல்லாப் பாத்திரத்துக்கும் இடம் கொடுத்தது. நடுவில் மூன்று வளையமுள்ள ஒரு ராட்சச பர்னர். விற்பனையாளர் அதைப் பற்றவைத்ததும் புஸ்ஸென்று ஓர் இரைச்சலோடு நீல ஜுவாலை எழுந்தது. மாமனார் ஓரடி பின்வாங்கி, நிமிர்ந்து நின்று, அதற்கு சல்யூட் அடித்தார். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? "சார், உங்க வூட்ல கரண்ட் லோட் எவ்ளோ?" என்று விற்பனையாளர் என்னைக் கேட்டார். நான் மோவாயைத் தடவிக்கொண்டு, "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றேன். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுத்தான் பார்த்தோம்.

அது வீட்டுக்கு வந்த அன்று சமையலறைக் கதவைக் கழற்றினோம், கடப்பாக்கல் மேடையில் பாதியை வெட்டினோம். எல்லாம் முடிந்து பார்த்தால், குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க வேண்டுமானால் நான் ஹாலுக்குப் போய்விட வேண்டும். என் மனைவி ஒரு மெல்லிய துணியால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு ஜுரம் வந்தபோதுகூட நெற்றியை இவ்வளவு பதமாகத் துடைத்ததில்லை.

புது அடுப்பு என்றால் முதலில் பால் காய்ச்ச வேண்டும். இதில் இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்ற பேதமெல்லாம் எங்கள் ஊரில் கிடையாது. இயேசு படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, ஒரு ஜெபம் சொல்லி, பால் வைப்போம். பால் பொங்கி வழிய வேண்டும். கிழக்குப் பக்கமாக வழிந்தால் விசேஷம். தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் வந்து நின்றார்கள். எந்த பர்னரில் வைப்பது என்று கேள்வி வந்தது. மாமனார் கையை நீட்டி நடு பர்னரைக் காட்டினார். பால் சின்னக் கிண்ணியில் இருந்தால் இத்தனை பேருக்கு எப்படித் தெரியும் என்று பெரிய தவலையில், விளிம்பு வரை ஊற்றியதும் அவர்தான்.

பழைய அடுப்பில் பால் பொங்க எவ்வளவு நேரமாகுமோ, அதை எதிர்பார்த்துத்தான் நாங்கள் எல்லாரும் பேச்சில் இருந்தோம். ராட்சசனோ பேசி முடிக்க விடவில்லை. பால் பொங்கவில்லை, பாய்ந்தது. எல்லாரும் "பொங்குது, பொங்குது" என்று கைதட்டினோம். பால் கம்பிகளைத் தாண்டி, பளபளத்த முகப்பில் இறங்கி, திருகுகளின் இடுக்கில் புகுந்து, மணி காட்டுகிற சின்னக் கண்ணாடிக்குள் போனது. அதில் எண்கள் தாறுமாறாக ஓடின. பிறகு டப்பென்று ஒரு சத்தம். வீடு முழுவதும் கரண்ட் போய்விட்டது. பக்கத்து வீட்டம்மா மட்டும் விடாமல், "கெழக்காலதான் வழிஞ்சுச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மெயின் ஸ்விட்சைப் போட்டேன், அணைத்தேன், மறுபடி போட்டேன். வீட்டுக்குக் கரண்ட் வந்தது. ஓவனுக்கு வரவில்லை.

கம்பெனிக்கு போன் செய்தேன். "உள்ள என்னா சார் போச்சு?" என்றார் அந்தப் பக்கத்து ஆள். "பால்" என்றேன். ஒரு பெருமூச்சு கேட்டது. "வாரண்டியில பால் வராது சார்" என்றார். போர்டு மாற்றவேண்டும், அது இத்தாலியிலிருந்து வரவேண்டும், புது வருஷம் பிறந்த பிறகுதான் எதுவும். இதற்குள் மாமனார், ரேஞ்சோடு வந்த புத்தகத்தில் பிரெஞ்சுப் பக்கங்களைத் தேடி எடுத்து, கண்ணாடி போட்டுப் படித்து முடித்திருந்தார். "எதுவும் பொங்கி வழியக் கூடாதுன்னு மொதப் பக்கத்துலயே போட்டிருக்கான் மாப்ள" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் புத்தகத்தை அப்படியே நடு பர்னரில் வைத்திருப்பேன்.

ஆனால் என் மனைவி அழவும் இல்லை, கத்தவும் இல்லை. ரேஞ்சுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து துணியால் பாலை ஒற்றி எடுத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. மறுநாள் மாலை அக்கா வருகிறார். "பேக்கரிக்கு நான் எடுத்துட்டுப் போறேன், நீ வராத" என்றேன். "செத்தாலும் கேக்கு பேக்கரிக்குப் போவாது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மேல நெருப்பு எரியுதில்ல? போய் மணல் எடுத்துனு வாங்க" என்றாள்.

பக்கத்துத் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியிடம் ஒரு வாளி மணல் கேட்டேன். என்ன வேலைக்கு என்றார். கேக்குக்கு என்றேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் வாளியை நிரப்பிக் கொடுத்தார். மணலைச் சலித்து, கழுவி, மாடியில் காயவைத்தோம். தெருப் பூனைகள் மணலைப் பார்த்தால் என்ன செய்யும் என்பது தெரிந்ததால், மாமனார் கைத்தடியோடு வெயிலில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார்.

மறுநாள் மதியம், கனமான அலுமினியத் தேக்சாவில் மணலைக் கொட்டி, சூடேற்றி, அதன்மேல் மாவுத் தட்டை வைத்து மூடி, மூடிமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். இருக்கிறதிலேயே சின்ன பர்னரில், சின்னத் தீ. இத்தாலிக்காரன் பார்த்திருந்தால் மூர்ச்சை போட்டிருப்பான். வேக வேக ரம் வாசனை தெருமுனை வரை போனது. வெளியே வந்த கேக்கில் ஒரு ஓரம் கருகியிருந்தது, நடுவில் சின்னப் பள்ளம். ஆனால் கேக்தான், சந்தேகமில்லை.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. "இத அப்பிடியே ஓவனுக்குள்ள வெச்சுடு. அக்கா வந்ததும் தொறந்து எடு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஓவன் கதவைத் திறந்து கேக்கை உள்ளே வைத்தாள்.

அக்கா வந்தார். கட்டிப்பிடித்தல், அழுகை, சாக்லெட் எல்லாம் முடிந்து சமையலறைக்கு வந்து, ரேஞ்சைப் பார்த்து வாயைப் பிளந்தார். என் மனைவி இரண்டு கையிலும் தடித் துணி சுற்றிக்கொண்டு, சூடு முகத்தில் அடிக்கிற மாதிரி தலையைச் சாய்த்து, ஓவனைத் திறந்து கேக்கை எடுத்தாள். எனக்கே கைதட்டத் தோன்றியது. அக்கா ஆசையாக ஓடிவந்து தட்டைத் தொட்டார். தொட்டவர் கையை எடுக்கவே இல்லை.

"ஜில்லுனு இருக்குதேடி" என்றார். குனிந்து ஓவனுக்குள் கையை விட்டார். "இதுவும் ஜில்லுனு இருக்குது."

நான் "வயரிங்ல ஏதோ..." என்று ஆரம்பித்தேன். என் மனைவி என்னைப் பேச விடவில்லை. "பால் பொங்க வெச்சேன்க்கா. உள்ள போய் எல்லாம் செத்துப்போச்சு. இது மணல்ல வெச்சு வேவிச்சது" என்றாள். அதுவரை அழாதவள் துணி சுற்றிய கையோடு அழுதாள்.

அக்கா சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ரேஞ்சில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, "கல்யாணமாகி பிரான்சுக்குப் போனேன் பாரு, போன மொத நாளு நானும் பால் பொங்க வெச்சேன்" என்றார். "கரண்ட் அடுப்பு. மொத்த மாடிக்கும் லைட் போயிடுச்சு. பக்கத்து வூட்டு வெள்ளக்கார அம்மா கதவத் தட்டி என்னா ஆச்சுன்னு கேக்குது. எனக்கு பிரெஞ்சு தெரியும். ஆனா நானேதான் வேணும்னு பொங்க வெச்சேன்னு எப்பிடிடி சொல்றது?"

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் என் மனைவி.

"போன் பண்ணா அம்மா மொதல்ல கேக்கும், பொங்கும்போது பக்கத்துல யார் இருந்தாங்கன்னு. யாருமே இல்லடி. நான் ஒருத்திதான் நின்னுனு இருந்தேன்."

சமையலறை வாசலில் நின்ற மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் மனைவி அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து, கேக்கின் கருகாத பக்கத்தில் பெரிதாக ஒரு துண்டைக் கையாலேயே பிட்டு அவர் வாயில் வைத்தாள்.

"அத வுடு. பால் பொங்குச்சா, இல்லியா? அத சொல்லு" என்றாள்.

அக்கா வாய் நிறைய கேக்கோடு, கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"பொங்குச்சுடி. நல்லா பொங்குச்சு."