தட்டில் செத்த இறால்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை காலை இது நடந்தது. நான் சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் குடியிருக்கிறேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து கால்மணி நேரம் நடந்தால் காட்டோரமாக ஓர் ஓடை வரும். பெரிய ஓடையெல்லாம் இல்லை, முழங்கால் அளவுத் தண்ணீர்தான். அதில் வாழும் மீன்களையும் இறால்களையும் மாதம் ஒருமுறை கணக்கெடுக்கும் ஓர் ஆய்வுக்குழுவில் நான் தொண்டூழியராகச் சேர்ந்திருந்தேன். வலையால் மெல்ல அள்ளி, தண்ணீர் நிரப்பிய வெள்ளைத் தட்டில் விட்டு, எண்ணி, படம் எடுத்து, மறுபடி ஓடையிலேயே விட்டுவிட வேண்டும். வாரம் முழுக்க அலுவலகத்தில் கணினியைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு அந்த வேலையில் ஒரு பெருமை. கொஞ்சம் அதிகமாகவே பெருமை.

அன்று என்னோடு வரவேண்டியவருக்குக் காய்ச்சல். தனியாகத்தான் போனேன். வலையில் ஒன்பது இறால்கள் வந்தன, கண்ணாடிபோல உடம்பு, விரல்நகம் அளவுதான். தட்டில் விட்டு, வலையில் ஒட்டியிருந்த இலைகளைக் கையாலேயே தட்டில் அலசினேன். படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்து நிமிர்ந்தால், இறால்கள் துடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்தன. சில நிமிடங்களில் ஒன்பதும் செத்துவிட்டன. என்னையறியாமல் கத்திவிட்டேன்.

மேலே பூங்கா நடைபாதையில் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், கையில் வாளியோடு சரிவில் வேகமாக இறங்கி வந்தார். முப்பது வயதிருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"என்னாச்சுக்கா? பாம்பு ஏதும் கடிச்சிருச்சா?"

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாளியைத்தான் பார்த்தேன். சற்று முன்பு அவர் அதைக் கால்வாயில் கவிழ்த்ததைப் பார்த்திருந்தேன். அந்தக் கால்வாய்த் தண்ணீர் இந்த ஓடைக்குத்தான் வருகிறது.

"வாளியிலேர்ந்து என்ன ஊத்துன நீ? சோப்பா, கெமிக்கலா?"

"வெறும் தண்ணிக்கா. பெஞ்சுல பறவை எச்சம், அதத்தான் தொடச்சேன்."

"பொய் சொல்லாத! இங்க பாரு, எல்லாம் செத்துக் கெடக்கு!"

அலுவலகத்தில் யாரிடமும் நான் குரலை உயர்த்தியதில்லை. முன்பின் தெரியாத ஒருவரை 'நீ' என்றதும் இல்லை. அவரிடம் அது எவ்வளவு சுலபமாக வந்தது! அவரும் தமிழர் என்பது திட்டுவதற்கு வசதியாகத்தான் இருந்தது. அவர் வாளியோடு நிற்பதைக் கைபேசியில் ஒரு படம் எடுத்தேன். பூங்காப் பலகையில் இருந்த புகார் எண்ணுக்கு உடனே அனுப்பினேன். "அக்கா, வேணாங்க்கா, நான் ஒண்ணும் பண்ணல" என்று இரண்டு முறை சொன்னார். காதில் வாங்காமல், படிவத்தில் மனிதர்களால் ஏற்பட்ட பாதிப்பு என்ற கட்டத்தில் 'துப்புரவாளர் ஓடையில் ரசாயனம் கொட்டினார்' என்று எழுதினேன். குழுத் தலைவிக்கும் செய்தி அனுப்பிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லிட்டில் இந்தியாவில் தோழியோடு தோசை சாப்பிட்டபடி இதையெல்லாம் வீரக்கதைபோலச் சொல்லிக்கொண்டிருந்தேன். "நல்லா குடுத்தியா? அதான் வேணும் அவனுக்கு" என்றாள் அவள். அப்போது தலைவியின் அழைப்பு வந்தது. செய்தி பார்த்ததும் சனிக்கிழமை மதியமே போய்ப் பார்த்தாராம். கால்வாய் வந்து சேரும் இடத்திலும் அதற்குக் கீழேயும் இறால்களும் மீன்களும் நன்றாகத்தான் இருக்கின்றனவாம். தண்ணீரிலும் குறையில்லையாம். பிறகு ரொம்ப நிதானமாகக் கேட்டார், அன்று கையில் ஏதாவது தடவியிருந்தாயா என்று.

எங்கள் புளோக்கில் அப்போது டெங்கி எச்சரிக்கை. கொசு விரட்டும் மருந்தை வீட்டில் ஒருமுறை, ஓடைக்கரையில் ஒருமுறை என இரண்டு தடவை கைநிறையத் தடவியிருந்தேன். அதைத் தடவிய கையைத் தட்டுத் தண்ணீரில் விடக்கூடாது என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள்.

எதிரில் தோசை ஆறிப்போனது. சுற்றிலும் அந்தத் துப்புரவாளரைப் போல ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் விடுமுறைச் சட்டையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னால் தலைநிமிர முடியவில்லை.

திங்கட்கிழமை காலை புகார் எண்ணை அழைத்து உண்மையைச் சொன்னேன். நான்கைந்து பேரிடம் மாறி, கடைசியில் அந்தத் துப்புரவாளரின் மேற்பார்வையாளர் பேசினார். அவரை அன்று காலையே பூன் லே வட்டாரத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். தவறு என்னுடையது, அவரைத் திரும்ப இங்கேயே போடுங்கள் என்று கெஞ்சினேன். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார், எதற்கும் எழுதி அனுப்புங்கள் என்றார். எழுதி அனுப்பினேன். படிவத்திலும் துப்புரவாளரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன்.

அரைநாள் விடுப்பு எடுத்துப் பூன் லே போனேன். உணவுக்கடைகள் உள்ள ஓர் அங்காடி நிலையத்தின் பின்புறம் குப்பைத் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. குழாயை மூடிவிட்டு, "இங்க நான் எதுவும் செய்யலக்கா" என்றார். என்னைக் கண்டு ஒரு மனிதர் அப்படிப் பயந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நடந்ததைச் சொன்னேன். "தப்பு என்னோடதுங்க. என் கை மருந்துலதான் அதெல்லாம் செத்துச்சு. நீங்க என்னை மன்னிக்கணும்."

"அங்க மரத்து நிழல்ல வேலைக்கா. அமைதியா இருக்கும்" என்றார். பிறகு, "அந்தப் போட்டோவ அழிச்சிடுங்க. அதுல என்னைப் பாத்தா திருடன் மாதிரி இருக்கும்."

அவர் கண் முன்னாலேயே அழித்தேன். குனிந்து திரையைப் பார்த்து உறுதி செய்துகொண்டார். "வேலை கெடக்குக்கா" என்று குழாயைத் திறந்தார். நான் வாங்கிப்போயிருந்த பலகாரப் பையை நீட்டக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

இப்போதும் மாதாமாதம் ஓடைக்குப் போகிறேன். புதிதாகச் சேருபவர்களிடம் கொசு மருந்தால் ஒன்பது இறால்களைக் கொன்ற கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வேன், அவர்களும் சிரிப்பார்கள்; ஆனால் அந்த மனிதருக்கு நான் செய்ததை மட்டும் யாரிடமும் சொல்ல வாய் வராமல், இத்தனை நாள் கழித்து இங்கேதான் முதன்முதலாக எழுதுகிறேன்.