தொழில் என்ற கட்டம்

ஆபேல் தாவரவியலில் எம்.எஸ்.சி. முடித்தவர். நாற்பத்திரண்டு வருடம் ரப்பர் மரத்தில் பால்வெட்டினார். குலசேகரத்துப் பக்கம் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல யாருக்கும் நாக்கு வராது. முதலாவதைச் சொல்கிறவர் இரண்டாவதை விழுங்கிவிடுவார். படிப்பையும் பால்வெட்டையும் சேர்த்துச் சொன்னால் அது ஆபேலைப் பற்றிய பேச்சாக இருக்காது. படிக்காத பிள்ளையை யாரோ மிரட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பால் எடுத்துவிட்டு வந்து, மனைவி கிரேசியிடம் கட்டன்சாயா கேட்டார். கிளாசைக் கையில் வாங்கினார். குடிக்காமல் கீழே வைத்தார். அவ்வளவுதான். வயது அறுபத்தேழு.

மகன் எபிசன் அப்போது ஆரல்வாய்மொழியில் ஒரு காற்றாலையின் உச்சியில் இருந்தான். எண்பது மீட்டர் உயரம். அவன் மனைவி ஜெஸ்மி போனில் அழுதாள். காற்றில் பாதி கேட்கவில்லை, கேட்ட பாதியே போதுமாக இருந்தது. கையில் இருந்த போல்ட் பாதி முறுக்கியிருந்தது. மீதியையும் முறுக்கிவிட்டுத்தான் ஏணியில் கால் வைத்தான். பாதியில் விட்ட போல்ட் ஒருநாள் யாரையாவது கொல்லும். இறங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. எவ்வளவு அவசரமானாலும் அந்த டவரில் வேறு வழி கிடையாது.

சாயங்காலத்துக்குள் ஊர்ச் சுவர்களில் அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. ‘திரு. ஆபேல் எம்.எஸ்.சி. அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.’ கீழே துயரப்படுகிறவர்களின் பட்டியல். மகன் எபிசன் பி.இ., மருமகள் ஜெஸ்மி எம்.எஸ்.சி., பி.எட்., பேத்தி ஜாஸ்மி யு.கே.ஜி. துயரப்படவும் அந்த ஊரில் தகுதி வேண்டும். கிரேசி எட்டாம் வகுப்பு. அவள் பெயருக்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி மட்டும் இருந்தது.

மறுநாள் மூன்று மணிக்கு அடக்க ஆராதனை. காலையில் பெரியப்பா எட்சன் வந்தார். ஆபேலின் அண்ணன், தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து எபிசனிடம் நீட்டினார். அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பு. ஆலயத்தில் மகன்தான் வாசிக்க வேண்டும். எழுதும் சிரமத்தைத் துக்க வீட்டுக்கு வைக்கக்கூடாது என்று அவரே எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

நல்ல கையெழுத்து. பிறந்தது, ஞானஸ்நானம், பள்ளி, நாகர்கோவிலில் கல்லூரி, முதல் வகுப்பில் தேர்ச்சி. அதற்குப் பிறகு, ‘எஸ்டேட் நிர்வாகத்தில் நாற்பத்திரண்டு ஆண்டுகள் பொறுப்பு வகித்து...’

எபிசன் அந்த வரியில் விரலை வைத்தான்.

“பெரியப்பா, அப்பா பால்வெட்டினாரு.”

“நான் இல்லேன்னா சொன்னேன்? முந்நூறு மரத்துக்குப் பொறுப்பு வகிச்சானா இல்லியா?”

“எஸ்டேட்டு வேலை அறுபது வயசுல விட்டுப்போச்சு. பொறவு ஊருக்காரங்களுக்க மரத்தைத்தான் வெட்டினாரு.”

“ஏலே, ஜெஸ்மிக்க வீட்டுக்காரங்க முன் பெஞ்சுல இருப்பாங்க.” பெரியப்பா குரலைத் தாழ்த்தினார். ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறவருக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல இருந்தது. “ஒனக்க காலேஜ் ஃபாரத்துல நீ என்ன எழுதின, மக்கா? அதைவிட நான் ஒண்ணும் கூட்டி எழுதல்ல.”

எபிசன் விரலை எடுத்துவிட்டான்.

எட்சன் கெட்டவர் இல்லை. தம்பியின் மேல் பிரியம் உள்ளவர்தான். அந்தக் காலத்தில் வீட்டில் இரண்டு பட்டதாரிகள் இருந்தார்கள், பள்ளிக்கூடத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. எட்சனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. வேலையில்லாத மாப்பிள்ளைக்குப் பெண் கொடுத்தார்கள் என்ற பேர் பெண்வீட்டுக்கு வரக்கூடாது அல்லவா? ஆகவே இடம் எட்சனுக்குப் போயிற்று. ஆபேல் வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் தற்காலிகமாக எஸ்டேட்டில் கத்தியைப் பிடித்தார். அந்தத் தற்காலிகம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத்தான் முடிந்தது.

நடுவில் ஒருமுறை வேலை கிடைக்கத்தான் செய்தது. நாகர்கோவிலில் ஒரு அலுவலகத்தில் கிளார்க். வீடே கொண்டாடியது. மூன்றாம் மாதம் ஆபேல் திரும்பி வந்து மரத்தடியில் நின்றார். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன ஒரே பதில், “ஃபைலை எவ்வளவு சீவினாலும் பால் வரல்ல” என்பது. கிரேசி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் வெள்ளெனக் கத்தியைத் தீட்டக் கல்லை எடுத்து வைத்தாள்.

அவர் வெட்டிய மரத்தைப் பார்த்தால் ஆள் யாரென்று தெரியும். பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக ஓடுவதில்லை, சற்று வலப்பக்கம் சரிந்து மேலேறும். அதனால் வெட்டு இடது மேலிருந்து வலது கீழே இறங்க வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் குறையும், ஒரு நூல் அதிகமானால் கத்தி உள்சதையில் பட்டு மரம் புண்ணாகும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். ஆபேலின் வரிசையில் முண்டு விழுந்த மரம் கிடையாது. இருபத்தைந்து வருடம் வெட்டிய மரங்கள் முகச்சவரம் செய்த கன்னம்போல நிற்கும். யார் வந்தாலும் எஸ்டேட் மேனேஜர் அந்த வரிசைக்குத்தான் கூட்டிவருவார்.

அப்படி ஒருமுறை கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். பால்குழாய் எந்த அடுக்கில் அடர்த்தி, வெயில் ஏறினால் ஓட்டம் ஏன் குறைகிறது என்று ஆபேல் அரைமணி நேரம் சொன்னார். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கூட வந்த பேராசிரியர் எம்.எஸ்.சி.யில் ஆபேலுக்குப் பக்கத்து இருக்கை. “அனுபவமுள்ள தொழிலாளி” என்று பிள்ளைகளிடம் அறிமுகம் செய்தார். வேறு எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த ஆபேல் அதைச் சொல்லிச் சிரித்தார். “அவன் சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. அவனுக்க ரிக்கார்டு நோட்டுல படம் வரைஞ்சு குடுத்தவன் நான். எனக்க அனுபவம் அவனுக்குத் தெரியாதா?”

பள்ளிக்கூடத்தில் எட்சன் சாருக்கு ஒரு வாக்கியம் உண்டு. பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்வார்: “படிக்கலேன்னா பால்வெட்டத்தான் போவிய.” வகுப்பு சிரிக்கும். இரண்டாவது பெஞ்சில் எபிசன் இருப்பான். பெரியப்பாவுக்கு அவன் இருப்பது தெரியும். தம்பியை நினைத்தும் சொல்ல மாட்டார். அந்த வாக்கியம் அந்தப் பக்கத்து வாத்தியார்கள் எல்லாருக்கும் பாடப்புத்தகத்தோடு கிடைத்தது. எபிசன் ஒருநாள் வீட்டில் வந்து அதைச் சொன்னான். ஆபேல் யோசித்துவிட்டு, “அண்ணன் சொல்றது சரியில்ல. படிச்சாலும் போலாம்” என்றார். அன்றைக்கு எபிசனுக்கு அது சிரிப்பாக இல்லை.

பிறகு அந்த ஃபாரம். பொறியியல் கல்லூரிச் சேர்க்கை. தகப்பனார் தொழில் என்று ஒரு கட்டம். எபிசன் ‘எஸ்டேட் சூப்பர்வைசர்’ என்று எழுதினான். யாரும் சொல்லித்தரவில்லை, பேனா தானாகப் போயிற்று. பெற்றோர் கையெழுத்து வேண்டும். ஆபேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபாரத்தை முதல் வரியிலிருந்து வாசித்தார். அவர் எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை. அந்தக் கட்டத்துக்கு வந்தார். தாண்டினார். கடைசி வரிக்கு வந்து கையெழுத்துப் போட்டார்.

“சூப்பர்வைசர்னா வெள்ளென எந்திரிக்க வேண்டாமே. நல்ல வேலைதான்.”

அவ்வளவுதான் சொன்னார். பிற்பாடு எபிசனின் கல்யாணப் பேச்சில் பெண்வீட்டார் கேட்டபோது பெரியப்பா, “தம்பி எஸ்டேட்டுல இருக்கான்” என்றார். அதிலும் பொய் இல்லை. எஸ்டேட்டில் எங்கே இருக்கிறான் என்று அவர்கள் கேட்கவில்லை. ஆபேல் பக்கத்தில் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தார்.

எபிசன் என்ஜினியர் ஆனான். அதாவது, டவரில் ஏறி ஆயிரக்கணக்கான போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இத்தனை இறுக்கம் என்று அளந்து முறுக்குவான், பேரிங்குக்குக் கிரீஸ் வைப்பான், இறங்குவான். ஊரில் அவன் என்ன செய்கிறான் என்று யாரும் கேட்டதில்லை. என்ஜினியர் என்றால் ஏசி அறை, கம்ப்யூட்டர். கேட்காத கேள்விக்கு அவனும் பதில் சொன்னதில்லை. கேட்ட ஒரே ஆள் ஆபேல். ஒரு போல்ட்டை எவ்வளவு முறுக்கினால் போதும் என்று எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேட்டார். எபிசன் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சைப் பற்றிச் சொன்னான். குறைந்தால் கழன்றுவிடும், கூடினால் உள்ளே விரிசல் விழும், அளவு வந்ததும் ரெஞ்சு டக்கென்று ஒரு சத்தம் போடும். ஆபேல் கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வேலை. ஒனக்கு ரெஞ்சு சொல்லிக் குடுக்கும், எனக்குக் கத்தி சொல்லாது” என்றார்.

மூன்று மணிக்கு ஆலயம் நிறைந்திருந்தது. முன் பெஞ்சில் ஜெஸ்மியின் வீட்டார். கடைசிப் பெஞ்சுகளில் எஸ்டேட்டின் பால்வெட்டுக்காரர்கள் பன்னிரண்டு பேர், துவைத்த வெள்ளைச் சட்டையில். ரப்பர்பால் கறை விரல் இடுக்கில் கறுத்துப் போனால் சோப்புக்குப் போகாது. கைகளைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவன் அனில்குமார், ஆபேலின் பக்கத்து வரிசையில் முப்பது வருடம் வெட்டியவன். தன் கோயில் திருவிழாவுக்கு ஆபேலைக் கூட்டிப்போகிறவன், கிறிஸ்துமஸுக்கு இங்கே வருகிறவன்.

எபிசன் தாளை விரித்தான். எதைச் சொல்ல வேண்டும் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. காலை முழுக்க அதை மனதில் எழுதி வைத்திருந்தான். ‘பால்வெட்டினார். மரத்தைப் புண்ணாக்காமல் வெட்டினார்.’ இரண்டே வாக்கியம். பிறப்பு, ஞானஸ்நானம், கல்லூரி, முதல் வகுப்பு எல்லாம் வாசித்தான். அந்த வரி வந்தது. நிமிர்ந்து பார்த்தான். முன் பெஞ்சில் மாமனார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எஸ்டேட் நிர்வாகத்தில் நாற்பத்திரண்டு ஆண்டுகள் பொறுப்பு வகித்து” என்று எபிசன் வாசித்தான். குரல் தடுமாறவில்லை. அது தடுமாறியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

போதகர் பிரசங்கத்தில் அதை எடுத்துக்கொண்டார். இத்தனை பெரிய பொறுப்பில் இருந்தும் சகோதரர் ஆபேல் தொழிலாளிகளோடு தொழிலாளியாகப் பழகினார், தாழ்மைக்கு இதைவிட உதாரணம் வேண்டுமா என்றார். கிரேசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் தோளைப் பிடித்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். அனில்குமார் எபிசனிடம் வந்து கையைப் பிடித்தான்.

“நல்லா வாசிச்ச, எபிசா.”

“ம்.”

“அண்ணன் ஆபீசர்ன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. முப்பது வருசம் பக்கத்துல நின்னு பீடிக்குத் தீப்பெட்டி கேட்டிருக்கேன். மரியாதை இல்லாமப் போச்சே.” அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. “நான் செத்தா என்னையும் மேனேஜர் ஆக்கிரு, மக்கா. எனக்கும் மருமவன் வீட்டுக்காரங்க வருவாங்க.”

கையை விட்டுவிட்டுப் போனான். மற்ற பதினொரு பேரும் அவன் பின்னால் போனார்கள்.

ஆலயத்துக்குப் பக்கத்து அறையில் சபைச் செயலாளர் ஷிஜின் அடக்கப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு எபிசனுக்காகக் காத்திருந்தான். மகன் கையெழுத்துப் போட வேண்டும். தடித்த, நீளமான பழைய புத்தகம். பெயர், வயது, தொழில், மரணக் காரணம். தொழில் என்ற கட்டத்தில் பென்சிலால் ‘எஸ்டேட் மேலாளர்’ என்று இருந்தது.

“எட்சன் சார் காலையிலே சொல்லிட்டாரு” என்றான் ஷிஜின். “மை போட்டு எழுதப்போறேன்.”

“அழி.”

ஷிஜின் நிமிர்ந்தான்.

“பால்வெட்டுன்னு எழுது.”

“எம்.எஸ்.சி.?”

“அதையும் எழுது.”

“ரெண்டும் ஒரே வரியிலயா அண்ணே? வாசிக்கிறவங்க நான் தப்பா எழுதிட்டேன்னு நினைப்பாங்க.”

“இதை யாரு வாசிப்பா?”

ஷிஜின் யோசித்தான். அவன் பொறுப்புக்கு வந்து ஆறு வருடத்தில் அந்தப் புத்தகத்தை இன்னொருவர் கேட்டு வந்ததில்லை. ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, ‘ஆபேல் எம்.எஸ்.சி., பால்வெட்டு’ என்று மையில் எழுதினான். நானூறு பேர் கேட்க ஒன்றைச் சொல்லியாயிற்று. இது பீரோவுக்குள் இருக்கும்.

“தகவல் தந்தவர், மகன் எபிசன்” என்று சொல்லிக்கொண்டே ஷிஜின் அடுத்த வரியை நிரப்பினான். அதிலும் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. அவன் கேட்கவில்லை. ‘என்ஜினியர்’ என்று தானாகவே எழுதி, புத்தகத்தை இந்தப் பக்கம் திருப்பினான்.

எபிசன் பேனாவை வாங்கினான். நகத்துக்குள் நேற்றைய கிரீஸ் இன்னும் இருந்தது. மேல் வரியிலிருந்து நிதானமாக வாசித்தான். அந்தக் கட்டத்துக்கு வந்தான்.

“சரிதானே அண்ணே?”

“நல்ல வேலைதான்” என்று சொல்லி எபிசன் கடைசி வரிக்கு வந்து கையெழுத்துப் போட்டான்.