மூடியில் வைத்த சந்தனம்

தென்காசியில் கடற்கரை என்பவரின் பழைய பிக்கப் வண்டியைவிட அதைப் பற்றிய அவருடைய பேச்சுதான் அதிகத் தூரம் ஓடியது. ஐம்பதைக் கடந்த அம்மனிதர் தமக்குத் தெரியாத ஒன்று உண்டு என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. மெக்கானிக் ஸ்பானரைத் தொடுமுன்பே நோயையும் மருந்தையும் சொல்லிவிடுவார். பலிக்காவிட்டால் மெக்கானிக் கைராசியில்லாதவர் ஆகிவிடுவார்.

குற்றாலச் சீசன் தொடங்கியதிலிருந்து வண்டி மிஸ் அடித்தது. பழம் ஏற்றிக்கொண்டு ஆலங்குளத்துக்குக் கிளம்பும். பாவூர்சத்திரத்தை நெருங்கியதும் இருமிக் குலுங்கி நின்றுவிடும். கடற்கரை இறங்கி, மூடியைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்ப்பார். அதன்பின் ஒன்றும் அறியாததுபோல் ஓடும். மெக்கானிக் காஜா பில்டரை மாற்றினார், குழாய்களைக் கழற்றி ஊதினார், இன்ஜெக்டரைச் சோதித்தார். பட்டறையில் அது ஒருமுறைகூட மிஸ் அடிக்கவில்லை. காஜாதான் வண்டியைக் கெடுத்தார் என்று கடற்கரை டீக்கடைதோறும் முழங்கினார்.

குற்றாலத்துப் பழ வியாபாரி யோகலட்சுமிக்குப் பொறுமை தீர்ந்தது. இன்னொரு முறை வழியில் நின்றால் சீசன் முழுவதும் லோடு ஒலி முகம்மதுவின் வண்டிக்குத்தான் என்று சொல்லிவிட்டு, அன்று தாமே முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தார்.

பாவூர்சத்திரத்துக்குச் சற்று முன் வண்டி வழக்கம்போல் நின்றது. கடற்கரை டேங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று ஒரு சத்தம் எழுந்தது. பின்னாலேயே இறங்கி வந்த யோகலட்சுமி அது என்ன என்று கேட்டார்.

“வண்டிக்கு மூச்சு பலம் ஆச்சி. எப்பவும் இப்படித்தான் விடுது” என்றார் கடற்கரை, பெருமையோடு.

யோகலட்சுமி மூடியை வாங்கிப் பார்த்தார். வெள்ளிக்கிழமைதோறும் வைத்த சந்தனமும் குங்குமமும் அதன்மேல் அடை அடையாகக் காய்ந்திருந்தன. சேலை ஊக்கைக் கழற்றிச் சுரண்டியதும், அடியில் ஒரு சிறு துளை தெரிந்தது.

“எண்ணெய் டின்னுல ஒத்த ஓட்டை போட்டா ஒழுங்கா ஊத்துமா? காத்துப் போக இன்னொண்ணு வேணும்லா? அந்த ஓட்டையத்தான் நீ வாராவாரம் பூசி அடைச்சிருக்க. நாலு சக்கரத்துக்கும் பொட்டு வச்சது போதாதுன்னு வண்டி மூக்கையும் பொத்தியிருக்க.”

ஆலங்குளம் வரை வண்டி குலுங்கவில்லை. திரும்பும் வழியில், லோடு தொடர யோகலட்சுமி ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: ஊரார் காதுபடப் பழித்தவர், ஊரார் காதுபடவே காஜாவிடம் தவறு தம்முடையது என்று சொல்லவேண்டும்.

“வண்டிதான் சரியாயிட்டே ஆச்சி, இனி அந்தப் பேச்சு எதுக்கு?”

“வண்டி சரியாயிட்டு. நீ இன்னும் ஆவல.”

மாலையில் கடற்கரை பட்டறைக்குப் போனார். எதிர்டீக்கடையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தனர். காஜா கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். கடற்கரை தொண்டையைச் செருமினார்.

“ஹாரன் லேசா கம்முது பாய். என்னன்னு பாருங்க.”

காஜா ஹாரனை அழுத்தினார். தெருவே திடுக்கிட்டது. “நல்லாத்தான அடிக்குது அண்ணாச்சி” என்றார் அவர்.

மறுநாள் காலை ரம்புட்டான் கூடைகள் ஒலி முகம்மதுவின் வண்டியில் ஏறின. கடற்கரை தம் வெற்று வண்டியை ஆலங்குளம் வரை ஓட்டிப்போய்த் திரும்பினார். ஒருமுறைகூட மிஸ் அடிக்கவில்லை. குறையைத் தாமே கண்டுபிடித்துவிட்டதாக டீக்கடையில் அறிவித்தார். என்ன குறை என்று ஒருவர் கேட்டதற்கு, அது தொழில் இரகசியம் என்றார்.