கோட்டை விட்டோர் பட்டியல்

எடைமேடைக்காரருக்குப் பொய் ஆகாது. இதை அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததால் வேறு யாரும் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. லாரி மேடையில் ஏறும், எடை தெரியும், சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். ஓட்டுநர்கள் தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணே, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்றால், "பார்த்துத்தான் போடறேன். தெரியறதுதான் வரும்" என்பார். அந்த வறட்டு நேர்மைக்காக அவரை மதித்தவர்கள் சிலர் உண்டு. கூட உட்கார்ந்து டீ குடிக்கத்தான் ஆள் இல்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அவருக்கு இன்னொரு உலகம். தொலைக்காட்சியில் ஒரு கேள்வி பதில் போட்டி. ஏழு படிகள், படிக்கொரு கேள்வி. ஏற ஏறப் பரிசு கூடும். போதும் என்று எந்தப் படியிலும் வாங்கிக்கொண்டு இறங்கலாம். ஒரு பதில் தப்பினால் மொத்தமும் போச்சு. மற்றவர்கள் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டு எழுந்து போகும் இந்த நிகழ்ச்சியை அவர் முதல் நாளிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றி வந்தார். யார் வந்தார், என்ன கேள்வி, எந்த விடையைத் தொட்டார், எத்தனை நொடி யோசித்தார், எங்கே விழுந்தார். நாளடைவில் அது இணையத்தில் ஒரு தளமாகவே வளர்ந்துவிட்டது. நிகழ்ச்சியை நடத்துபவர்கள் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டார்கள். இவரை யாரும் கேட்கவே இல்லை.

அந்தத் தளத்தில் ஜனங்கள் ஈயாக மொய்த்தது ஒரே பக்கத்தில்தான்: கோட்டை விட்டோர் பட்டியல். கை நிறையப் பரிசை வைத்துக்கொண்டு சுலபமான கேள்வியில் மண்ணைக் கவ்வியவர்கள், வரிசைப்படி, படத்தோடு. வரிசைக்கு அவரே ஒரு கணக்கு வகுத்திருந்தார். தன் தொழிலைப் பற்றிய கேள்வியிலேயே விழுந்தவர்களுக்கு அதில் கூடுதல் புள்ளி.

மூன்று வருடமாக முதலிடத்தில் இருந்தவர் ஒரு தையல்காரம்மா. ஒரு மீட்டருக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டபோது பதற்றத்தில் ஆயிரம் என்று சொல்லிவிட்டார். அவர் எழுதியிருந்தார்: "ஐயா, துணி குடுக்க வர்றவங்க டேப்பை என் கையில இருந்து வாங்கி அவங்களே அளக்கறாங்க. தயவு பண்ணி எடுத்துடுங்க." எல்லோருக்கும் போகும் அதே பதில் அவருக்கும் போனது. பதிவில் பிழை இருந்தால் ஆதாரத்துடன் தெரிவிக்கவும். ஏழு நாளில் ஆதாரம் வராவிட்டால் கோரிக்கை மூடப்படும். பிழையே இல்லாதபோது அந்த அம்மா ஆதாரத்துக்கு எங்கே போவார்? கோரிக்கை மூடப்பட்டது.

"பாவம்ங்க. எடுத்துட்டா என்ன, குடியா முழுகிடும்?" என்றாள் அவர் மனைவி.

"ஒருத்தருக்கு இளகினா நாளைக்கு எல்லாரும் வரிசையில வந்து நிப்பாங்க."

அவர் தலைமேல் வைத்துக் கொண்டாடிய கண்டுபிடிப்பு ஒன்று இருந்தது. போட்டியை நடத்தும் தொகுப்பாளர் எல்லோரிடமும் "உறுதியா?" என்று கேட்பார். அப்படிக் கேட்பதற்கு முன்னால் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் சொன்ன பதில் தப்பு. பத்தில் ஒன்பது முறை அப்படித்தான் நடந்திருந்தது. உலகத்தில் வேறு யார் கண்ணிலும் படாதது தன் கண்ணில் பட்டதாக அவர் அதைத் தளத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்.

மனைவி ஒரு மருந்துக் கடையில் இருந்தாள். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடுவாள். கடையில் மற்றவர்கள் சும்மா நின்றாலும், "அந்த அக்கா வரட்டும்" என்று காத்திருந்து வாங்குகிறவர்கள் இருந்தார்கள். அவள் சொத்து என்று சொன்னால் அந்தப் பேர்தான். விளையாட்டாக விண்ணப்பித்தாள், போட்டிக்குத் தேர்வாகிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அவர் வாத்தியார், அவள் மாணவி. எந்தப் படியில் எத்தனையாவது விடை அதிகம் சரியாக வரும், எப்போது நிற்க வேண்டும், தண்ணீர் குடித்தால் என்ன அர்த்தம்.

"உங்க கணக்கெல்லாம் எனக்கு எதுக்குங்க? தெரிஞ்சா சொல்றேன். தெரியலைன்னா இறங்கிடறேன்."

"அப்படிச் சொன்னவங்கதான் அந்தப் பட்டியல்ல இருக்காங்க" என்றார்.

படப்பிடிப்பு நடந்த இடத்தில் ஒரு உதவியாளர்ப் பெண் அவரைத் தேடிக்கொண்டு வந்தாள். "சார், அந்த சைட் நீங்கதானா? எங்க ஆபீஸ்ல அதைப் பார்க்காத ஆளே கிடையாது. தொகுப்பாளர் ஒரு வரி விடாம படிப்பார்." எடைமேடைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. காது கேட்காதவர் போல அவளை இன்னொரு முறை சொல்ல வைத்தார். பக்கத்தில் நின்ற மனைவிகூடச் சிரித்தாள். பிறந்ததிலிருந்து அவரை யாரும் அவ்வளவு பாராட்டியதில்லை.

அவள் ஐந்து படி தடதடவென்று ஏறினாள். ஆறாவது கேள்வி, இன்சுலினைச் சுரக்கும் உறுப்பு எது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தினமும் ஊசி எடுத்துக் கொடுக்கிறவளுக்கு இது ஒரு கேள்வியா? விடைகளைப் படித்து முடிப்பதற்குள் "கணையம்" என்றாள். தொகுப்பாளர் டம்ளரை எடுத்தார். நிதானமாக ஒரு வாய் குடித்தார். "உறுதியா?"

அவள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள். அவருக்குக் கணையமும் தெரியாது, கல்லீரலும் தெரியாது. தண்ணீர் தெரியும். லேசாகத் தலையை அசைத்தார், இல்லை என்று.

"கல்லீரல்" என்றாள்.

நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் மருந்துக் கடையில் சிரிப்பு தொடங்கியது. "எடுத்த மாத்திரையை அப்புறம் மாத்திட மாட்டீங்களே?" என்று கேட்டவர் பத்து வருட வாடிக்கையாளர். ஒருவர் அவள் கொடுத்த மருந்தைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டார். கடைக்காரர் கெட்டவரில்லை. "கொஞ்ச நாளைக்கு உள்ள இரும்மா" என்று மட்டும் சொன்னார். உள்ளே அட்டைப்பெட்டி பிரிக்கும் வேலை.

எடைமேடைக்காரர் அவளையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஏற்றியதும் கணக்கு தானாகவே அவளை முதலிடத்தில் வைத்தது. சொந்தத் தொழில், ஆறாவது படி, சொன்ன சரியான பதிலை மாற்றியது என்று எல்லாப் புள்ளியும் அவளுக்கே விழுந்தது. கொஞ்ச நேரம் அழுதார். பொய் இல்லை, நிஜமாகவே அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தையும் போட்டார். தண்ணீர்க் கணக்கையும் திருத்தினார்: பதினொன்றில் ஒன்பது.

சாப்பிடும்போது அவள் கேட்டாள். "என் பேரை எடுக்கச் சொல்லல. நீங்க தலையை ஆட்டினதாலதான் மாத்தினேன்னு ஒரு வரி போடுங்க. கடையில காட்டுவேன்."

"கேமராவுல அது விழல. சரிபார்க்க முடியாததை எப்படிப் போடறது?"

"உங்களுக்குத் தெரியாதா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"இன்னொண்ணும் கேட்கறேன். ஒரு வரி விடாம படிப்பாருன்னு அந்தப் பொண்ணு சொன்னாளே. தண்ணி விஷயத்தையும் படிச்சிருப்பார்ல? தெரிஞ்சேதான் டம்ளரை எடுத்திருக்கார்."

இது அவருக்கு அன்றைக்கே, கணையம்தான் சரி என்று தொகுப்பாளர் அறிவித்தபோதே உறைத்துவிட்டது. ஆனால் ஒப்புக்கொண்டால் கண்டுபிடிப்பு குப்பைக்குப் போகும். அதுகூடப் போகட்டும். தன்னை ஒரு வரி விடாமல் படித்தது மதித்து அல்ல, குழி தோண்டத்தான் என்றாகிவிடும். ஆயுளுக்கும் கிடைத்த ஒரே பாராட்டு அது. அதைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. பொய் ஆகாதவர், "அதெல்லாம் உன் ஊகம்" என்றார்.

மறுநாள் தளத்தின் பிழை திருத்தப் பெட்டியில் ஒரு கோரிக்கை வந்தது. முதலிடத்தில் இருப்பவர் பதிலை மாற்றக் காரணம் அவர் கணவர் என்று குறிப்பிடவும். அனுப்பியது யார் என்று பார்த்தார், நன்றாகவே பார்த்தார். பிறகு வழக்கமான பதிலை அனுப்பினார். ஒரே வீட்டில், ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு ஏழு நாள் ஆதாரத்துக்குக் காத்திருந்தார்கள். எட்டாம் நாள் காலையில் கோரிக்கையை மூடிவிட்டு வேலைக்குப் போனார்.

அன்றைக்கு மேடையில் அவருக்குத் தலை சுற்றியது. டாக்டர் ரத்த அழுத்தம் என்று சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடையில் நின்ற பெண் புதிது, இவரை யாரென்று தெரியாது. சீட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே எடுத்துப் போனாள். திரைக்குப் பின்னால் மனைவியின் குரல் கேட்டது. சீட்டைக் கையில் வாங்கிய வேகத்தில் மருந்தின் பேரையும் அளவையும் கடகடவென்று சொன்னாள். பழைய குரல். அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அந்தப் பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள். "உறுதியாக்கா?"

உள்ளே சத்தம் நின்றது. எடைமேடைக்காரர் பழக்க தோஷத்தில் நொடிகளை எண்ணினார். ஒன்பது.

"தெரியலைம்மா" என்றாள் அவள். "டாக்டருக்கே போன் பண்ணிக் கேட்டுக்கோ."