பஞ்சாரத்துக்குள் வளர்ந்த வெள்ளைக் கோழிகள்

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் மனைவி சுந்தரம்மாள் இறந்துபோனாள் என்ற சேதி வந்தபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். ரெட்டியார்சத்திரத்துக்கு மேற்கே, தன் கத்தரித் தோட்டத்தில் ஒச்சப்பன் மடை மாற்றிக்கொண்டிருந்தார். சேதி சொன்னவர் போன பிறகும், தண்ணீர் எந்தப் பாத்தியில் பாய்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறும்போது அவள் சொல்லிவிட்டுப் போனது ஒன்றுதான். "குஞ்சுகளப் பாத்துக்கங்க. பருந்து கண்ணுல பட்டுறக் கூடாது."

அந்த ஆண்டு, 1962இல், பஞ்சாயத்து யூனியனில் கொடுத்த வெள்ளைச் சீமைக்கோழிக் குஞ்சுகள் அவை. பிள்ளையில்லாத வீட்டில் அவளுக்கு அதுதான் பெருமை. கம்பும் கையுமாகக் காலையெல்லாம் அவற்றின் பின்னாலேயே அலைந்து திரிவாள்.

ஒச்சப்பனுக்கு அதற்கு நேரம் ஏது? வீட்டுக்குள்ளேயே, கோழியை மூடும் மூங்கில் கூடையான பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே கல்லையும் ஏற்றினார். குஞ்சுகள் வளர வளர இன்னொரு பஞ்சாரம் வாங்கினாரே தவிர, வெளியே விடவில்லை. கம்பு, கேழ்வரகு, கரையான் எல்லாம் குறைவில்லாமல் போட்டார்.

பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி எட்டிப் பார்த்தாள். "ஏண்ணே, கோழி வளக்குறீகளா, கைதி வளக்குறீகளா?"

வெளியே மேயும் அவள் குஞ்சுகளைத்தானே பருந்து தூக்குகிறது, தன்னுடையவற்றையா என்று ஒச்சப்பன் நினைத்துக்கொண்டார்.

ஐப்பசிக் கடைசியில் ஒருநாள், பஞ்சாரத்தடியைச் சுத்தம் பண்ண ஒரு பெட்டையைக் காலைப் பிடித்துத் தூக்கினார். முருங்கைக் குச்சி ஒடிந்தாற்போல் சத்தம் கேட்டது. பதறிப்போய் மற்றவற்றை முற்றத்தில் விட்டார். நாலடி வைத்துவிட்டு அவை உட்கார்ந்துகொண்டன. ஜெய்தூன் பீவியின் நாட்டுக்குஞ்சுகள், குப்பையைக் கிளறித் தின்றவை, அவற்றைத் தாண்டி ஓடின.

கூடையில் வைத்துக் கொண்டுபோனவற்றை மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஒவ்வொரு காலாக அமுக்கிப் பார்த்தார். "தீனியில கொறையில்லய்யா. ஓடியாடாத காலுல எலும்பு எப்படி இறுகும்? வெயிலும் படல. இனியாச்சும் வெளிய விடுங்க. ஒடிஞ்சது போக மிச்சம் தேறிரும்."

"அவ பருந்து கண்ணுல படாமப் பாக்கச் சொன்னாளே" என்றார் ஒச்சப்பன்.

யார் அவள் என்று டாக்டர் கேட்கவில்லை. அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

வழியெல்லாம் ஒச்சப்பனுக்குக் குழப்பம். சொன்ன சொல்லைக் காத்ததில் தப்பு எங்கே நுழைந்தது? வீட்டுக்கு வந்ததும் மூங்கிலைப் பிளந்து, முற்றத்தில் கோழிகள் ஓடியாட இடம் விட்டுப் படல் கட்டத் தொடங்கினார். மேலே ஓலை வேய்ந்தால் வெயில் படாது. திறந்து விட்டால் பருந்து இறங்கும். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்; சுந்தரம்மாள் கம்பும் கையுமாக வெயிலில்தானே இவற்றை மேய்த்தாள்.

இருட்டும்போது நான்கு பக்கமும் படல் நின்றது. மேல்பக்கம் மூடவில்லை.