ஸ்டெல்லா அக்கா வீட்டு மரத்தளம்

1. மூன்றாம் நாள்

ஸ்க்ரூ டிரைவர் பலகைக்குள் கைப்பிடி வரை இறங்கியது. நான் அழுத்தக்கூட இல்லை.

குற்றாலத்தில் ஒரு பழைய பங்களாவின் மாடி ஹால். ஜன்னலுக்குக் கீழே முட்டி போட்டிருந்தேன். தளத்தைத் தேய்க்க ஆரம்பித்து அன்று மூன்றாவது நாள். இந்தத் தேக்குத் தளத்தை மாற்றவே வேண்டாம், தேய்த்து வார்னிஷ் அடித்தால் போதும் என்று வீட்டுக்காரர்களிடம் அடித்துச் சொல்லியிருந்தவன் நான்தான்.

எனக்கு ஊர் குத்துக்கல்வலசை. தென்காசியில் மொசைக் தரைக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். டைல்ஸ் வந்ததும் மொசைக் படுத்துவிட்டது. புனலூரில் ஒரு ஆசாரியிடம் ஒரு வருஷம் நின்று மரத்தளம் தேய்க்கக் கற்றுக்கொண்டேன். இந்தப் பக்கம் மரத்தளம் உள்ள வீடுகளே கொஞ்சம். கூப்பிட்டால் ஓடுவேன். பார்த்ததும் பதில் சொல்லிவிடுவேன். அதுதான் திறமை என்று அப்போது நினைத்தேன்.

2. நான் சொன்ன தீர்ப்பு

ஸ்டெல்லா அக்கா நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். அந்த வீட்டில் தனியாக இருந்தார். தம்பி ஜெபராஜ் சென்னையில். அவர்கள் அப்பா காலத்துத் தளம். நடக்கிற வழியெல்லாம் வெளிறிப்போய், காலில் குத்தும் சிலாம்பு கிளம்பிக் கிடந்தது.

ஜெபராஜ் ஊருக்கு வந்திருந்தபோதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

“பேத்துட்டுப் புதுசு போட்டுருங்க. இல்லன்னா டைல்ஸ் போடுங்க. அக்காவுக்கு வயசாகுது. ஒரு நாள் விழுந்துட்டா யாரு பாக்கது?” என்றார் அவர்.

“நல்ல தேக்கப் போய் பேக்கச் சொல்லுதான் பாரு,” என்றார் அக்கா. “மழ நாள்ல நானும் இவனும் இங்கனதான் பம்பரம் விடுவோம். முருகையா, நீ சொல்லு. தேச்சா தாங்குமா?”

ஹால் நடுவில் தட்டிப் பார்த்தேன். கெட்டியான சத்தம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், உறிஞ்சியது. மேல்பூச்சு மட்டும்தான் போயிருக்கிறது என்று முடிவு கட்டினேன். வாசற்படி ஓரத்தில் பலகையின் கனம் பார்த்தேன், கட்டைவிரல் அகலம் இருந்தது.

“இன்னும் ரெண்டு தடவ தேய்க்கலாம் அண்ணாச்சி. மாத்த வேண்டிய அவசியமே இல்ல.”

“உங்கள நம்பித்தான் சென்னைக்குப் போறேன்,” என்றார் ஜெபராஜ்.

ஜன்னலுக்குக் கீழே ஒரு பெரிய அலமாரி நின்றது. அதை நகர்த்தவில்லை.

3. பட்டி டப்பா

மூன்றாம் நாள் நகர்த்தினேன். எத்தனையோ சீசனின் சாரல் ஜன்னல் வழியாக இறங்கி அலமாரிக்குப் பின்னால் தேங்கியிருக்கிறது. நான்கு பலகைகள் கேக் மாதிரி இருந்தன. ஒன்றைக் கழற்றினால் அதைத் தாங்கும் சட்டமும் ஈரம். ஆள் நின்றால் இன்றைக்குத் தாங்கும். என்றைக்கு வரை என்று சொல்ல முடியாது.

என் கையருகில் மரத்தில் ஓட்டை அடைக்கிற பட்டி டப்பா இருந்தது. அடைத்து, வார்னிஷ் அடித்து, அலமாரியைத் திரும்ப வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. மாற்ற வேண்டாம் என்ற என் வார்த்தையும் நிற்கும்.

கழற்றிய பலகையைத் திரும்ப வைத்துவிட்டு, அந்த நாள் முழுக்க வேறு மூலையைத் தேய்த்தேன். பழைய தேக்கைத் தேய்க்கும்போது ஒரு வாசனை வரும், எண்ணெயும் தோலும் கலந்தாற்போல. வெளியே சாரல். அந்த வாசனையும் சாரலும் சேர்ந்து இன்றைக்கும் என்னை அந்த ஹாலுக்கே கொண்டுபோய்விடும். ஆனால் அன்றைக்கு எதுவும் ரசிக்கவில்லை.

மறுநாள் காலை டீயோடு வந்த அக்கா, “நேத்துலேருந்து அந்த ஜன்னல் பக்கமே போவ மாட்டேங்கியே?” என்றார்.

காட்டினேன். வீங்கிய காலை அமுக்கிப் பார்ப்பதுபோல் பலகையைக் கட்டைவிரலால் அமுக்கினார். குழி அப்படியே நின்றது.

“எப்பப் பாத்த?”

“நேத்து காலைல.”

“அப்ப ஏன் இன்னிக்குச் சொல்லுத?”

“பட்டி வச்சு மூடிரலாமான்னு நெனச்சேன் அக்கா.”

டீ டம்ளரை என் கையில் கொடுத்தார். பிறகு, “ஆஸ்பத்திரில நானும் ஒரு தடவ ஒரு தப்ப மூடப் பாத்திருக்கேன். டாக்டர்ட்ட போய்ச் சொன்ன பொறவுதான் சோறு எறங்குச்சு,” என்றார். “தம்பிக்கு நீயே போன் போட்டுச் சொல்லு.”

உடனே போடவில்லை. அன்று மதியம் வரை ஹாலின் நான்கு மூலையிலும் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். அதன் பிறகுதான் போன்.

“அப்ப மொத்தமா பேத்துருவோமா?” என்றார் ஜெபராஜ். குரலில் கோபம் இருந்தது.

“வேண்டாம் அண்ணாச்சி. ஜன்னலடில நாலு பலக, ஒரு சட்டம். மீதியெல்லாம் நல்லா இருக்கு.”

“போன தடவயும் இப்படித்தான் சொன்னீங்க.”

“போன தடவ பாக்காமச் சொல்லிட்டேன். தப்புதான். இப்ப உள்ள பாத்துட்டுச் சொல்லுதேன்.”

சரி என்றார்.

புது மரம் நிறம் சேராது. கீழே பின்பக்க சாமான் அறையில் அதே காலத்துத் தேக்குத் தளம் இருந்தது. அங்கிருந்து நான்கு பலகை எடுத்து ஹாலில் சேர்த்தேன். சாமான் அறைக்கு டைல்ஸ். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் உள்ளே இறங்காதபடி தகரச் சாய்ப்பு. ஆசாரி வைத்துச் சட்டத்தையும் மாற்றினேன். முடிய மூன்று வாரம் ஆயிற்று.

4. ஒட்டு

அடுத்த சீசனுக்கு ஜெபராஜ் வந்தபோது அக்கா என்னையும் வரச்சொன்னார். ஜன்னலடியில் போய் முதலில் அக்காவே நின்றார்.

“வாங்க, மூணு பேரும் ஒண்ணா நிப்போம்.”

நான் நின்றேன். ஜெபராஜ் கொஞ்சம் தயங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். ஒரு கிரீச் கூட இல்லை. அவர் குனிந்து தேடினார்.

“எங்கன மாத்துனீங்க? தெரியலையே.”

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் உட்கார்ந்து, நான்கு ஒட்டையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினேன்.

தேய்ப்பதா, மாற்றுவதா என்று இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். கனமும் ஈரமும் பார்க்கச் சொல்லித்தருவேன். அதோடு ஒன்று சொல்வேன்: பார்க்காத இடத்தைப் பற்றி ‘பார்க்கவில்லை’ என்று வீட்டுக்காரரிடம் சொல்லிப் பழகுங்கள். எனக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வர ஒரு வீட்டுத் தளம் தேவைப்பட்டது.